கையில் செல்போன்... கால் எங்கே?

தாம்பரம்,

"கண்ணுக்குக் காட்சி பிரமாதம், போட்டோவிலே வெறும் வெள்ளை!" – செல்போனில் இயற்கைக் காட்சி எடுக்கப் பழகுகிறவர்களின் புலம்பல் இது.

பழக நல்ல இடம், வேளச்சேரி–தாம்பரம் ரோட்டை ஒட்டியுள்ள பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-ல் "ராம்சர்" உலக ஈரநிலப் பட்டியலில் இடம்பிடித்தது. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். காலையில் ரோட்டோரம் நின்றால் சூரியன் தண்ணீருக்கு அந்தப் பக்கம் எழும்.

உச்சி வெயிலில் படம் வெளுத்துவிடும். காலையும் மாலையும் சாய்ந்த வெயிலே அழகு.

எடுப்பது எப்படி?

முதலில் லென்சைத் துடைக்க வேண்டும். திரையில் வானத்தைத் தொட்டால் வெளிச்சம் அடங்கும், மேகம் தெரியும். கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டால் தொடுவானம் கோணாது. விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் பெரும்பாலான செல்போன்களில் படம் மங்கும். கிட்டே போய் எடுப்பதுதான் வழி.

ஆபத்தும் அங்கேதான்!

கிட்டே போகிறேன் என்று சிலர் தண்டவாளத்தில் இறங்கிவிடுகிறார்கள். திரையைப் பார்க்கிற கண்ணுக்கு மின்சார ரயில் தெரியாது. உயிர் பிழைத்தாலும், ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.1,000 வரை அபராதம், அல்லது இரண்டுமே!

திரிசூலம், பல்லாவரம் பக்கத்துக் கல்குவாரிக் குட்டைகளும் அப்படித்தான். மேலே பளிங்குத் தண்ணீர், கீழே செங்குத்துப் பள்ளம். பாறை வழுக்கினால் பிடிக்க ஒன்றுமில்லை.

படம் தவறினால் நாளைக்கும் சூரியன் வரும். கால் தவறினால்...?