காவல் நாய்க்குக் காது வெட்ட வேண்டுமா?

நீலகிரி மாவட்டத்தில் தேயிலை, உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் பயிரிடும் சிறு விவசாயிகளுக்கு நாய் நல்ல துணை. இரவில் காட்டுப்பன்றி தோட்டத்தில் இறங்கினாலும், கரடி வீட்டுப் பக்கம் வந்தாலும் முதலில் குரல் கொடுப்பது நாய்தான். அந்த நாயின் காதைக் குட்டியிலேயே வெட்டிவிட்டால் தோற்றம் மிடுக்காகும், வீரம் வரும், காது நன்றாகக் கேட்கும் என்று நம்புவோர் சிலர் உள்ளனர். இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. குட்டிக்கு வேதனையும், வளர்ப்பவருக்குச் செலவும்தான் மிச்சம்.

வழக்கம் வந்த விதம்

டாபர்மேன், கிரேட் டேன், பாக்ஸர் ஆகிய இனங்களுக்குப் பிறவியில் காது தொங்கியே இருக்கும். படங்களில் காணும் விறைத்த காது வெட்டி உண்டாக்கப்படுவது. குட்டிக்கு 8 முதல் 12 வாரம் ஆகும்போது காது மடலின் ஒரு பகுதியை வெட்டி நீக்கி, மீதியை நிமிர்த்திப் பல வாரங்கள் கட்டுப் போடுகிறார்கள். சண்டையிலும் வேட்டையிலும் காதைப் பிற விலங்கு கவ்விவிடாதிருக்க மேல்நாடுகளில் தொடங்கிய இவ்வழக்கம், பின்னர் அழகுக்கானதாக மாறியது.

கோடையில் உதகையில் நடைபெறும் நாய்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, தம் நாய்க்கும் அப்படிக் காது வேண்டும் என்று விரும்புவோர் உண்டு. ஆனால் இத்தகைய கண்காட்சிகளுக்கு முன்னோடியான இங்கிலாந்தில், காது வெட்டிய நாய்களைப் போட்டியில் சேர்க்கும் வழக்கம் 1890-களிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது.

வெட்டுவதால் வரும் கேடு

காது மடல் வெறும் தோல் அன்று. தோலுக்கு நடுவே குருத்தெலும்பும், நிறைய ரத்தக் குழாய்களும், நரம்புகளும் உள்ளன. மயக்க மருந்தின்றிக் கத்தியாலோ பிளேடாலோ வெட்டினால் குட்டி தாங்கொணாத வலியை அனுபவிக்கும். ரத்தமும் அதிகம் போகும். சாம்பல், மஞ்சள் வைத்துக் கட்டுவதால் புண் சுத்தமாகிவிடாது. ஈரம் மிகுந்த மழை மாதங்களில் கட்டு நனைந்து சீழ் பிடிக்கும். ஈ மொய்த்துப் புழு வைக்கும். மருத்துவரே முறைப்படி வெட்டினாலும், மயக்கம் தெளிந்த பின் வலி உண்டு. தடுப்பூசிகள் முழுமையாகப் போட்டு முடியாத வயதில் குட்டிக்கு இந்தத் தொல்லை தேவையா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொங்கும் காதில் சீழ் வரும், ஆகவே வெட்டுகிறோம் என்பதும் சரியான காரணம் அன்று. லாப்ரடார், ஸ்பேனியல் நாய்களுக்கும் தொங்கும் காதுதான். அவற்றுக்கு யாரும் வெட்டுவதில்லை. வாரம் ஒருமுறை காதைப் புரட்டிப் பார்த்து, உண்ணியை அகற்றி, ஈரம் தங்காமல் துடைத்தாலே போதும். காது மடலில் ரத்தக்கட்டு, கட்டி, ஆறாத காயம் ஏற்பட்டால் மருத்துவர் செய்யும் அறுவை சிகிச்சை வேறு. அது நோய்க்கான சிகிச்சை, தவிர்க்கக் கூடாது.

சட்டம் கூறுவது

1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் விலங்குகளின் உறுப்பைச் சிதைப்பதைக் குற்றம் என்கிறது. மாட்டுக்குக் கொம்பு நீக்குதல், காயடித்தல், சூட்டுக்குறி இடுதல், மூக்கணாங்கயிறு போடுதல் ஆகியவற்றை உரிய முறையில் செய்ய அச்சட்டம் விலக்கு அளித்துள்ளது. அந்த வரிசையில் நாயின் காது வெட்டுதல் இல்லை. 2011-ல் இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில், அழகுக்காகக் காதும் வாலும் வெட்டக் கூடாது என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. கென்னல் கிளப் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் அந்த அறிவுறுத்தலை ரத்து செய்தது. வழக்கின் போக்கு எதுவாயினும் குட்டி படும் வலி ஒன்றே.

காதில் சிறு வெட்டு உள்ள தெரு நாய்

உதகை, குன்னூர்ப் பகுதிகளில் காது ஓரத்தில் சிறு வெட்டு உள்ள நாய்களைக் காணலாம். இது அழகுக்கானது அன்று. கருத்தடை செய்த நாய் என்பதற்கான அடையாளம். கருத்தடை அறுவையின்போது, நாய் மயக்கத்தில் இருக்கையிலேயே இதைச் செய்துவிடுகிறார்கள். அதே நாயை மறுபடியும் பிடித்து அறுக்காமலிருக்க இது உதவுகிறது. இதைப் பார்த்து வீட்டில் யாரும் குட்டியின் காதை வெட்டக் கூடாது.

நல்ல காவல் நாய்க்குச் செய்ய வேண்டியவை

1. காவல் குணம் காதில் இல்லை. தாய் தந்தையின் குணமும் வளர்ப்பும்தான் அதைத் தருகின்றன. குட்டியைக் குறைந்தது 8 வாரம் தாயிடம் விட்டு வைக்கவும்.

2. குடற்புழு நீக்க மருந்தைக் கால்நடை மருத்துவர் கூறும் இடைவெளியில் தவறாமல் கொடுக்கவும்.

3. குட்டிக்கு 3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பிறகு மருத்துவர் கூறும் நாளில் ஊக்க ஊசியும், ஆண்டுக்கு ஒருமுறை தடுப்பூசியும் அவசியம். காது வெட்டச் செலவிடும் பணத்தை இதற்குச் செலவிடுவது மேல்.

4. சிறுத்தை நடமாட்டம் உள்ள இடங்களில் நாயை இரவில் வெளியே சங்கிலியில் கட்டி வைக்கக் கூடாது. உறுதியான கூண்டிலோ வீட்டினுள்ளோ வைத்தாலும் அது குரைத்து எச்சரிக்கும்.

5. எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குன்னூரில் 1907-ல் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டதே வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை அளிப்பதற்காகத்தான். நோய் கண்டுவிட்டால் பிழைப்பது அரிது. உரிய நேரத்தில் போடும் ஊசி உயிர் காக்கும்.

குட்டி வாங்கும் விவசாயிகள் காது வெட்டாத குட்டியையே கேட்டு வாங்குவது நலம். வெட்டிய குட்டிக்குக் கூடுதல் விலை தர ஆளில்லை என்றால் விற்பவரும் வெட்டமாட்டார். காதில் சீழ், நாற்றம், ஓயாத சொறிச்சல் கண்டால் கைவைத்தியம் செய்யாமல் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கு நாயைக் கொண்டு செல்ல வேண்டும்.