வலிக்கும் இடம் ஒன்று, நோயுள்ள இடம் வேறு

முழங்கால் வலி என்று மருத்துவரிடம் செல்கிறார் ஒருவர். முழங்காலைச் சோதித்தால் அங்கே குறை ஏதும் தென்படுவதில்லை. தேய்ந்திருப்பது இடுப்பு மூட்டு! இப்படி இடம் மாறி வலிப்பது அந்நோயின் இயல்பு.

தொடை எலும்பின் உருண்டையான தலைப்பகுதி, இடுப்பெலும்பின் கிண்ணம் போன்ற குழியில் பொருந்திச் சுழல்கிறது. இரண்டையும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. வயது, உடற்பருமன், பழைய காயம், பிறவியிலேயே அமைந்த மூட்டின் வடிவக் குறை, பரம்பரை ஆகியவற்றால் அப்போர்வை மெலியும்போது வலியும் இறுக்கமும் தோன்றுகின்றன. பெரும்பாலும் தொடையிடுக்கில் வலிக்கும். சிலருக்குப் பிட்டத்திலும் தொடையிலும் வலிக்கும். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் பொதுவான நரம்புகள் இருப்பதால், முழங்காலில் மட்டுமே வலியை உணர்வோரும் உண்டு.

மேலைநாடுகளில் இத்தகையோர் பலர் 'முதுகுவலி' என்று கைரோபிராக்டர்களை நாடுகின்றனர். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கைகளால் அழுத்தியும் தள்ளியும் சிகிச்சை அளிப்பவர்கள் இவர்கள். இம்முறையை 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் தொடங்கினார். டென்மார்க் நாட்டில் 1990களின் தொடக்கத்தில் இத்தொழில் சட்ட அங்கீகாரம் பெற்றது. 1994 முதல் ஓடென்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் இது பாடமாகவே கற்பிக்கப்படுகிறது.

முதுகைத் தொடுமுன் இடுப்பு மூட்டைச் சோதிப்பதே நல்ல கைரோபிராக்டரின் கடமை. நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, தொடையை உட்புறமாகச் சுழற்றிப் பார்ப்பர். சுழற்சி குறைந்து தொடையிடுக்கில் வலித்தால் ஐயம் வலுக்கிறது. காலுறை அணியவும் நகம் வெட்டவும் குனிய இயலாமையும், காலையில் எழுந்ததும் சற்று நேரம் மூட்டு இறுகியிருப்பதும் பிற அடையாளங்கள்.

கைச்சிகிச்சையால் பயன் உண்டா? டென்மார்க்கில் இடுப்பு மூட்டுத் தேய்மானம் உடைய 118 பேரிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளியாயிற்று. நோய் பற்றிய அறிவுரையோடு ஆறு வாரம் கைச்சிகிச்சையும் பெற்றோருக்கு, வீட்டுப் பயிற்சிக் குறிப்பு மட்டும் பெற்றோரைவிட வலி குறைந்தது. ஆயினும் வலி தணிவது வேறு, தேய்வு மாறுவது வேறு. தேய்ந்த குருத்தெலும்பை எந்தக் கையும் மீண்டும் வளர்த்துவிட முடியாது. 'எலும்பு விலகிவிட்டது, ஒரே தட்டில் சரிசெய்கிறேன்' என்பார் பேச்சை நம்பலாகாது.

தேய்ந்த மூட்டுக்கு ஓய்வே மருந்தென்று எண்ணுவதும் பிழை. அசையாத மூட்டைத் தாங்கும் தசைகள் நலிந்து வலி பெருகும். அதே 2013இல் டென்மார்க்கில் தொடங்கிய 'கிளாட்' என்னும் திட்டம், மூட்டுத் தேய்மானம் உடையோருக்கு நோய் விளக்கத்தையும் மேற்பார்வையுடன் கூடிய 12 உடற்பயிற்சி வகுப்புகளையும் வழங்குகிறது. பின்னர் கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளும் அதனை ஏற்றன. உடற்பயிற்சியும் எடைக்குறைப்பும் பயனளிக்காமல், இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு வலி முற்றினால் செயற்கை மூட்டு உண்டு. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1962இல் செம்மைப்படுத்திய அறுவைச் சிகிச்சை அதற்கு வழிவகுத்தது.

வீட்டில் முதியவர் எவரேனும் முழங்கால் என்றோ முதுகு என்றோ வலியைச் சொன்னால், காலை மடக்கி அமர்வதில் சிரமம் உண்டா, தொடையிடுக்கில் வலிக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால், இடுப்பு மூட்டையும் சோதிக்குமாறு மருத்துவரிடம் சொல்லுங்கள். கீழே விழுந்தபின் காலூன்ற முடியாமல் போனாலும், காய்ச்சலோடு மூட்டு வலித்தாலும், காலைப் பிடித்து இழுக்கவோ நீவவோ எவரையும் அனுமதியாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அது முறிவாகவோ நோய்த்தொற்றாகவோ இருக்கக்கூடும்.