மாலைத்தீவுகளின் காலநிலையும் கடல்வாழ் உயிரினங்களும்

மாலைத்தீவுகள் இந்தியப் பெருங்கடலில், இலங்கைக்குத் தென்மேற்கே அமைந்துள்ள தீவு நாடாகும். இங்குள்ள ஏறத்தாழ 1,200 தீவுகளும் பவளப்பாறைகளின் மேல் உருவானவை. பெரும்பாலான நிலப்பரப்பு கடல்மட்டத்திலிருந்து 1.5 மீட்டர் உயரத்தையும் தாண்டுவதில்லை. வட்டப் பவளத்திட்டைக் குறிக்கும் 'அட்டோல்' என்ற சொல் இந்நாட்டின் திவெயி மொழியிலிருந்து உலக மொழிகளுக்குச் சென்றதாகும்.

காலநிலை

நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் ஆண்டு முழுவதும் வெப்பநிலை பெரும்பாலும் 25 முதல் 31 பாகை செல்சியசு வரை காணப்படும். கடும் புயல்கள் அரிது. தென்மேற்குப் பருவக்காற்று மழையையும், வடகிழக்குப் பருவக்காற்று வறண்ட வானிலையையும் தருகின்றன. வடக்கைவிடத் தெற்குத் தீவுகளில் மழை அதிகம்.

மீனவர்கள் ஆண்டை 27 'நகை'களாகப் பிரித்துக் காற்றையும் மழையையும் கணித்தனர். 'நகை' என்பது நட்சத்திரத்தையே குறிக்கும். நமது அசுவினி அங்கு 'அசிதா' எனப்படுகிறது.

கடல்வாழ் உயிரினங்கள்

பருவக்காற்று மாறும்போது நீரோட்டமும் மாறுகிறது. தென்மேற்குக் காற்றின்போது மிதவை உயிரிகள் பவளத்திட்டுகளின் கிழக்குப் பக்கத்தில் சேர்கின்றன. அவற்றை உண்ண மாண்டா திருக்கைகளும் அங்கே வருகின்றன. பா பவளத்திட்டிலுள்ள அனிபாரு விரிகுடா இதற்குப் பெயர்பெற்றது. பா பவளத்திட்டு 2011இல் யுனெசுக்கோவின் உயிர்க்கோளக் காப்பகமானது. திமிங்கிலச் சுறா, பேராமை, அழுங்காமை ஆகியவையும் இக்கடலில் வாழ்கின்றன. 2010இல் சுறா பிடித்தல் தடைசெய்யப்பட்டது.

சூரை மீன் முக்கிய வாழ்வாதாரம். இதனை வலையின்றி, கோலில் கட்டிய தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடிப்பர். இதை அவித்து, புகையூட்டி, உலர்த்தினால் கிடைப்பதே தமிழர் சமையலிலும் இடம்பெறும் மாசிக்கருவாடு.

பவளமும் நிலமும்

கிளிமீன்கள் பாறையைக் கொறித்து, உள்ளிருக்கும் பாசியை உண்டு, எஞ்சிய சுண்ணாம்பைத் துகளாக வெளியேற்றுகின்றன. கடற்கரை வெண்மணலில் பெரும்பங்கு இத்துகளே. பவளப்பாறை அலையின் வேகத்தையும் தணிக்கிறது. ஆகவே பவளம் அழிந்தால் மீனுடன் மண்ணும் குறையும்.

கடல்நீர் வழக்கத்தைவிட ஒரு பாகை அளவு கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே, பவளங்கள் தம்முள் வாழும் பாசிகளை இழந்து வெளிறிவிடுகின்றன. 1998இலும் 2016இலும் எல் நினோவின் விளைவாக இத்தகைய பேரழிவு நேர்ந்தது. வெப்பம் தணிந்தால் பவளம் மீளும்; அதற்குப் பல ஆண்டுகள் தேவை. வெப்ப அலைகள் அடிக்கடி வந்தால் அந்த இடைவெளி கிடைப்பதில்லை.

நன்னீரும் இதே நிலையில்தான் உள்ளது. ஆறுகள் இல்லாத இத்தீவுகளில் மழைநீர் மணலுக்கடியில், உப்புநீரின்மேல் மெல்லிய படலமாகத் தங்குகிறது. 2004 ஆழிப்பேரலை பல தீவுகளில் இந்நீரை உப்பாக்கியது. கடல்மட்டம் உயர்வதால் தீவு மூழ்குவதற்கு முன்பே அதன் கிணறு உவர்த்துப்போகக்கூடும்.