முன்ஷிக்கும் பரீட்சை வைத்த காலம்

1790இல் திண்டுக்கல் கோட்டை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிடம் விழுந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தான் இந்தச் சீமையையே எழுதிக்கொடுத்துவிட்டார். வரி வசூலிக்க வந்த முதல் கலெக்டர் மெக்லியோட். பின்னாளில் மதுரை மாவட்டமாக விரிந்த நிர்வாகத்துக்கு இந்த மலைக்கோட்டை ஊர்தான் முதல் படி.

வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் மட்டும் தெரிந்தாலும் இங்கே போதாது. பாளையக்காரர்களில் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசினார்கள், பேகம்பூரில் உருது. குடியானவன் தமிழில் அழுதான். நடுவில் நின்றவர் துபாஷி. அவர் சொன்னதுதான் வழக்கு, அவர் சொன்னதுதான் தீர்ப்பு. வசூலில் எவ்வளவு கஜானாவுக்குப் போகிறது, எவ்வளவு வழியில் கரைகிறது என்று துரைக்கு விளங்காதபோதுதான் மொழி கம்பெனிக்குப் பணப் பிரச்சினையாகத் தெரிந்தது.

1812இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. அதற்கு மூளையாக இருந்தவர் எல்லிஸ் துரை, திருக்குறளில் தோய்ந்தவர். கப்பலிலிருந்து இறங்கிய இளம் சிவிலியன்கள் அங்கே தென்னாட்டு மொழிகளைப் படித்துத் தேற வேண்டும். தேர்வுக்கும் சம்பளத்துக்கும் முடிச்சுப் போட்டிருந்தார்கள். சிறப்பாகத் தேறியவருக்கு 1000 வராகன் பரிசு, அன்றைக்கு அது பெரும் பணம். இதெல்லாம் பலரும் எழுதியதுதான். எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. அந்தக் கல்லூரி மாணவனுக்கு மட்டும் பரீட்சை வைக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வந்த முன்ஷிக்கும் பாடம் நடத்தி, பரீட்சை வைத்து, சான்றிதழ் கொடுத்தது. தாண்டவராய முதலியார், முத்துசாமிப் பிள்ளை போன்ற பெரும் புலவர்கள் அங்கே இருந்தார்கள். தமிழ் பேசப் பிறந்தவன் என்பதாலேயே ஒருவனுக்குத் தமிழ் கற்பிக்கத் தெரியும் என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

எந்தத் தமிழைக் கற்பிப்பது என்ற கேள்வியும் அதற்கு முன்பே தெளிவாக இருந்தது. வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கென்று லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. செந்தமிழுக்குத் தனி நூல். கடலைத் தாண்டி வந்து, வளர்ந்த பிறகு தமிழ் படிக்கிற ஒருவருக்கு இந்த இரண்டும் வேறு வேறு வேலை என்பது அந்த இத்தாலியருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கும் ஒரு பயிற்சியின் தரத்தைப் பார்க்க நான் முதலில் கேட்பது இதைத்தான்: சந்தையில் பேசுகிற தமிழையா சொல்லிக்கொடுக்கிறார்கள், 'நான் பள்ளிக்குச் செல்கிறேன்' என்பதையா?

கம்பெனியைப் புகழ இதைச் சொல்லவில்லை. ஆள்வதற்கும் வரி பிடுங்குவதற்கும் படித்த தமிழ் அது. ஆனால் தேவை என்று பட்டதும் பணம் செலவழித்தார்கள், ஆசிரியரைத் தேர்ந்தெடுத்தார்கள், அளந்து பார்த்தார்கள். கலெக்டர்கள் சில ஆண்டுகளில் வேறு ஊருக்கு மாறிப்போகிறவர்கள்தான். போகப்போகிறவனுக்கு எதற்குப் பாடம் என்று அப்போது யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எதிர்த்திசையில் போனவர்கள் கதை வேறு. மதுரை, திண்டுக்கல் பக்கத்திலிருந்து கங்காணிகளின் பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன சனங்களுக்குச் சிங்களம் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. அங்கே தமிழ் கற்றுக்கொண்டவன் தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னதுரை. கொழும்பில் ஃபெர்குசன் அச்சகம் அவனுக்காகப் போட்ட சட்டைப்பைக் கையேட்டின் பெயரே 'இங்கே வா'. கட்டளை போடத் தெரிந்தால் போதும் என்பதே பாடத்திட்டம். ஒரு மொழிப் பாடம் யாருக்காக எழுதப்பட்டது என்பதை அட்டையிலேயே இவ்வளவு நேர்மையாகச் சொன்ன புத்தகம் வேறு இல்லை.

திண்டுக்கல்லுக்கு வேலை தேடி வந்தவர்கள் இன்று வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் நூற்பாலைகளில் இருக்கிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று பட்டியல் விரியும். விடுதியில் தங்கி ஷிப்ட் ஷிப்டாக ரிங் ஃப்ரேமுக்கும் கோன் வைண்டிங்குக்கும் போகிறார்கள். அவர்கள் தமிழ் கற்கும் இடம் மெஷின் ஓடும் சத்தம். கற்பிப்பவர் மேஸ்திரியும் சூப்பர்வைசரும். "வா, போ, சீக்கிரம், நூல் அத்துப்போச்சு பாரு." மறுபடியும் 'இங்கே வா'தான். இந்த முறை கட்டளையைக் கேட்கிறவன் படிக்கிறான் என்பது மட்டும் வித்தியாசம்.

"ஆறு மாசத்துல தானா வந்துரும்ங்க" என்பார்கள் ஊரில். அதில் பாதி உண்மை. நாகல்நகரில் சௌராஷ்டிர நெசவாளர்கள் வீட்டில் தங்கள் மொழியும் தெருவில் தமிழுமாக வாழ்வதற்கு யாரும் வகுப்பு நடத்தவில்லை. ஆனால் அது பல தலைமுறையில் ஊறிய தமிழ். ஓராண்டு, ஈராண்டில் ஊர் திரும்பப்போகிற இருபது வயதுப் பெண்ணுக்குத் தலைமுறைக் கணக்கு உதவாது. தானாக வருகிற மொழியில் அவளுக்கு இன்னொரு கோளாறும் உண்டு: மேலே இருப்பவர் பேசுவது புரியும், பதில் சொல்ல வராது. அடுத்த படுக்கைக்காரியும் அவள் ஊர்ப் பெண் என்றால், தமிழ் ஷிப்ட் முடிந்ததும் நின்றுவிடும்.

இதற்கு என்ன விலை என்பது நெருக்கடியில் தெரியும். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. அந்த நாட்களில் அதிகாரிகளும் காவல்துறையும் இந்தி தெரிந்தவர்களைத் தேடிப்பிடித்து, தொழிலாளர்கள் மத்தியில் போய்ப் பேச வேண்டியிருந்தது. இருநூறு ஆண்டுகள் கழித்து மறுபடி துபாஷி. இந்தத் தடவை அவரை நம்பி நின்றது அரசாங்கம் மட்டும் அல்ல, கூலிக்காரனும்தான்.

2022 ஏப்ரலில் கையெழுத்தான 'திண்டுக்கல் ஒப்பந்தம்' உலகத் தொழிற்சங்க வட்டாரங்களுக்கு இந்த ஊரின் பெயரைக் கொண்டுபோனது. ஆயத்த ஆடை ஆலையில் பெண்கள் மீதான பாலியல் தொல்லையைத் தடுக்க, பெண் தொழிலாளர் சங்கமான டி.டி.சி.யூ.வும் ஈஸ்ட்மேன் நிறுவனமும் எச் அண்ட் எம் போன்ற வணிகப் பெயர்களும் சேர்ந்த ஏற்பாடு. நல்ல காரியம். ஆனால் புகார் என்பது மொழியில் நடக்கிற விஷயம். எந்த ஆலையிலும் புகார்ப் பெட்டி எந்த மொழியில் எழுதினால் திறக்கும் என்று கேட்டுப் பார்க்கத் தோன்றுகிறது.

இப்போது ஊரைவிட்டு வெளியே போகிறவர்களைப் பார்ப்போம். செவிலியர் படிப்பு முடித்த பிள்ளைகளுக்கு இன்று ஜெர்மனிக் கனவு. அங்கே முழுச் செவிலியராக வேலை பார்க்கப் பொதுவாக 'பி2' நிலை கேட்கிறார்கள். ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட பொதுச் சட்டகத்தின்படி ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகள், இது நான்காவது. வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நாலு பகுதி. கோத்தே நிறுவனத் தேர்வில் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும். மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978இலிருந்து இருக்கிறது, ஜெர்மன் பயிற்சியும் தருகிறது. மீதியை நம்மூர் மாடிகளில் முளைக்கும் கோச்சிங் சென்டர்கள் பார்த்துக்கொள்கின்றன.

இங்கேதான் முன்ஷி நினைவுக்கு வருகிறார். மாணவிக்கு நாலு பரீட்சை. பாடம் நடத்துபவருக்கு ஒன்றும் இல்லை. போன வருடம் பி1 தேறியவர் இந்த வருடம் ஆசிரியராக நிற்பது அரிதல்ல. ஏ1 பிள்ளையும் பி1 பிள்ளையும் ஒரே ஜூம் வகுப்பில். பேச்சுத் தேர்வுக்கு இருபது தலைப்பு, இருபது மனப்பாடம். நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் கைவந்த கலை என்பதால் சில நேரம் தேர்ச்சியும் கிடைத்துவிடுகிறது. சிக்கல் அப்புறம். நள்ளிரவு வார்டில் பல் இல்லாத ஒரு பாட்டி தன் வட்டார வழக்கில் எங்கே வலிக்கிறது என்று சொல்லும்போது, அந்த இருபது தலைப்பில் அது இருக்காது.

ஜெர்மனி தன் நாட்டுக்குள் எப்படி நடத்துகிறது என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். 2005 முதல் அங்கே குடியேறியவர்களுக்கான ஒருங்கிணைப்பு வகுப்பு உண்டு. பொதுவாக மொழிக்கு 600 பாடவேளை, நாட்டு நடப்புக்கு 100. முதலில் நிலை அறியும் தேர்வு வைத்துத்தான் எந்த வகுப்பில் உட்காருவது என்று முடிவு செய்கிறார்கள். பாடம் நடத்தக் குடியேற்றத்துக்கான கூட்டாட்சி அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஜெர்மன்காரராகப் பிறந்தது மட்டும் தகுதி ஆகாது. நம் செவிலியர் அந்த வாசலை எட்டும் முன்பே, பணம் கட்டிப் படிக்கும் கட்டத்தில்தான் எவரும் கேள்வி கேட்பதில்லை. கேரள அரசின் நார்கா அமைப்பு வழியே ஜெர்மனிக்கு ஆள் அனுப்பும் 'டிரிபிள் வின்' திட்டத்தில் செவிலியர் மொழிப் பயிற்சிக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. ஆள் வேண்டுமென்பவரே செலவை ஏற்கிறார். காசு கொடுப்பவர் பலம் உள்ளவரானால் ஆசிரியர் யார் என்று கேட்பார். நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டும் அப்பாவுக்கு அதைக் கேட்கத் தைரியம் வருவதில்லை. வர வேண்டும்: சேருவதற்கு முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். மறுத்தால் படியிறங்கிவிடலாம்.

உள்ளே வருபவர்களுக்கும் இப்படி ஏதாவது செய்ய முடியுமா? பக்கத்து மாநிலம் செய்தது. 2017இல் கேரள எழுத்தறிவு இயக்கம் பெரும்பாவூரில் 'சங்ஙாதி' என்று தொடங்கியது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு நான்கு மாத மலையாள வகுப்பு, 'ஹமாரி மலையாளம்' என்று அவர்களுக்கென்றே எழுதிய பாடநூல். தமிழ்நாட்டில் நமக்கு அறிவொளி இயக்கம் நடத்திய அனுபவம் உண்டு. இரவில், களைத்து வந்த பெரியவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது தெரியாத விஷயம் அல்ல. சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழுக்கும் இந்திய மொழிகளுக்கும் அங்கே ஒரு புலமே உண்டு. ஒடியாவும் இந்தியும் தெரிந்த நாலு பேருக்கு முதலில் கற்பிக்கப் பயிற்சி கொடுத்து, அவர்களுக்கே பரீட்சை வைத்துவிட்டு ஆலைக்கு அனுப்ப அதைவிடப் பொருத்தமான இடம் எது?

ஆலைக்காரர்கள் உடனே சொல்வது நேரம் இல்லை என்பது. ஷிப்ட் முடிந்து தூங்கி விழும் பெண்ணுக்கு இரவு ஒன்பது மணிக்கு வகுப்பு வைத்தால் தோற்கும், அது சரி. வாரம் இரண்டு மணி நேரம் வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு தர வேண்டும். எழுத்து பிறகு வரட்டும். பஸ் போர்டைப் படிக்க அவர்களுக்கே ஆசை வரும். முதல் பாடத்தில் கட்டளைகள் வேண்டாம், அவை ஏற்கெனவே தெரியும். கேள்விகள் வேண்டும், அதுவும் திண்டுக்கல் வாய்ப்பேச்சில்: இந்த மாசம் எவ்வளவு பிடிச்சிருக்கீங்க? எதுக்குப் பிடிச்சீங்க? இ.எஸ்.ஐ. கார்டு எப்ப வரும்?