துவக்கொலியும் செவிக்கவசமும்

கண்ணுக்கு இமையளித்த இயற்கை செவிக்கு அதனை அளிக்கவில்லை. பேரொலி கேட்டவுடன் இறுகி அதன் வேகத்தைத் தணிக்கும் சிறுதசை ஒன்று நடுச்செவியில் உண்டென்பது உண்மையே. ஆயின், அது இறுகுமுன்னரே துவக்கு வெடியின் உச்ச அமுக்கம் உட்செவியைத் தாக்கி மறைந்துவிடுகின்றது. ஆகவே குறிபார்த்துச் சுடப் பழகுவோரும் படைவீரரும் செவிக்குரிய காப்பைத் தாமே தேடிக்கொள்ளல் வேண்டும். அதனைத் தெரிவுசெய்யும் முறையை ஈண்டு ஆராய்வாம்.

கல்லூரியில் மடக்கை வாய்பாட்டுடன் மல்லாடிய பழைய மாணவர்க்கு டெசிபெல் என்னும் அளவை விளங்குதல் அரிதன்று. அவ்வளவை 20 கூடினால் ஒலியின் அமுக்கம் பத்து மடங்காகும். இருவர் உரையாடும் ஒலி ஏறத்தாழ 60 டெசிபெல். றைபிள் சுடுபவனின் செவியருகே எழும் உச்சவொலி ஏறத்தாழ 160. வேற்றுமை நூறுதானே என்று எண்ணற்க. அமுக்கம் ஓரிலட்சம் மடங்காகிவிடுகின்றது. 140 டெசிபெல்லுக்கு மேற்பட்ட வெடியொலி காப்பற்ற செவியிற் படலாகாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. உட்செவியின் நத்தைச்சுருளிலுள்ள மயிர்க்கலங்கள் இத்தாக்குதலால் அழிகின்றன. கோழிக்கு அவை மீண்டும் முளைக்கும், மனிதனுக்கு முளைப்பதில்லை. அமெரிக்காவில் படைச்சேவையால் விளைந்தனவென ஏற்கப்பட்டு உதவிப்பணம் வழங்கப்படும் ஊனங்களுள் காதிரைச்சலே முதலிடம் வகிக்கின்றது.

வாங்கச் செல்வோர் முதலிற் பார்ப்பது பெட்டியில் அச்சிட்ட ஒலித்தணிப்பு எண்ணையே. அமெரிக்க எண்ணும் ஐரோப்பிய எண்ணும் வெவ்வேறு முறையிற் கணிக்கப்படுவன, ஒன்றையொன்று ஒப்பிடலாகாது. அன்றியும், அவை ஆய்வுகூடத்தில், பயிற்சியுடையோர் மேற்பார்வையில் அணிந்தபோது கிடைத்தவை. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிருவாகம் தொழிற்சாலைகளில் இவ்வெண்ணிலிருந்து 7 ஐக் கழித்து, எஞ்சியதைப் பாதியாக்கிக் கொள்ளுமாறு கூறும். அவ்வாறு கணித்தால் 33 என்று விற்கப்படும் நுரைறப்பர் காதடைப்பான் 13 ஆகச் சுருங்குகின்றது! செவித்துளையிற் செறிவாகப் பொருந்தாத காப்பின் எண் வெறும் எண்ணே.

இதற்கு அமெரிக்கப் படையின் அனுபவமே சான்று. ஈராக்கிலும் ஆப்கானித்தானிலும் போரிட்ட வீரர்க்கு இருமுனைக் காதடைப்பான் வழங்கப்பட்டது. ஒருமுனையைச் செருகினால் எல்லா ஒலியும் தணியும். மறுமுனையைச் செருகினால் பேச்சுக் கேட்கும், வெடியொலி மட்டும் தடைப்படும். கருத்து மிக நன்று. ஆயின் அதன் தண்டு குட்டையாயிருந்தமையால், அணிந்தவர் அறியாமலே அது தளர்ந்துவிடும் என்றும், அக்குறையைக் கம்பனி படைக்கு அறிவிக்கவில்லை என்றும் குற்றஞ்சாட்டப்பட்டது. 3எம் கம்பனி 2018 இல், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே, 91 இலட்சம் டொலரை அரசுக்குச் செலுத்தியது. 2023 இல் படைவீரர் தொடுத்த வழக்குகளைத் தீர்க்க 600 கோடி டொலர் அளிக்க உடன்பட்டது. சில மில்லிமீற்றர் நீளத்தைப் பற்றிய வழக்கு இது.

இனி, காப்புக் கிடைத்தும் அதனைக் கழற்றி வைக்கும் வீரனைக் குறைகூறுதல் எளிது. காலடியோசையும் தலைவன் கட்டளையும் கேளாதவன் உயிருக்கு உத்தரவாதம் யாது? இவ்விடர்ப்பாட்டை நீக்கவே இலத்திரனியற் செவிக்கவசங்கள் தோன்றின. வெளியே உள்ள ஒலிவாங்கிகள் மெல்லிய ஒலியைப் பெற்று, உள்ளேயுள்ள சிறு ஒலிபெருக்கி வழியே பெருக்கித் தருகின்றன. ஒலி ஏறத்தாழ 82 டெசிபெல்லைக் கடக்க முயலும்போது அதனை அடக்கிவிடுகின்றன. வெடியைத் தடுப்பது இக்கருவியே எனப் பலர் மயங்குவர். உண்மையிற் காப்பது கிண்ணமும் அதன் விளிம்பிலுள்ள மெத்தை வளையமுமே. மின்கலம் தீர்ந்தாலும் காப்பு நிற்கும். மெத்தை கிழிந்தால், மின்கலம் எத்துணைப் புதிதாயினும், நில்லாது. ஒலி முன்னிருந்து வந்ததோ பின்னிருந்து வந்ததோ என்னும் மயக்கத்தை இக்கவசங்கள் முற்றாக நீக்கவில்லை என்பதையும் படையினர் அறிந்திருத்தல் நன்று.

ஆகவே, கவசத்தை வாங்குமுன் தம் மூக்குக்கண்ணாடியையும் தலைக்கவசத்தையும் அணிந்துகொண்டே அதனைப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். கண்ணாடியின் தடித்த காம்பு மெத்தையை உயர்த்தி ஒலிக்கு வழிதிறந்துவிடும். துவக்கின் கட்டையிற் கன்னம் பதிக்கும்போது தடித்த கிண்ணம் இடறி நகரும்; றைபிள் சுடுவோர்க்கு அடிப்புறம் ஒடுங்கிய கிண்ணமே ஏற்றது. சுவர்கள் எதிரொலிக்கும் உள்ளரங்கிற் சுடுவோர் நுரைறப்பர் காதடைப்பானைச் செருகி, அதன்மேற் கவசத்தையும் அணிதல் நலம். இரண்டின் எண்களையும் கூட்டிவிடலாகாது. பெரிய எண்ணுடன் ஏறத்தாழ 5 டெசிபெல்லே சேரும். மண்டையோட்டின் எலும்பு வழியாகவும் ஒலி உட்செவியை அடையுமாதலின் எக்காப்புக்கும் ஓர் எல்லையுண்டு.

வியர்வையாலும் வெப்பத்தாலும் மெத்தை வளையங்கள் இறுகி வெடிக்கும். ஆண்டுக்கு இருமுறையேனும் அவற்றை மாற்றுதல் தகும். மாற்று வளையம் எளிதிற் கிடைக்காத கவசத்தை, விலை எத்துணைக் குறைவாயினும், யாம் வாங்கச் சொல்லோம்.