'என்ர பிள்ளை இவ்வளவு கறுப்பில்லை'

மருதானையில் ஒரு சிறிய அச்சுக் கடையில் வேலை செய்கிறேன். 2009இல் காணாமல் ஆக்கப்பட்ட மகனின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லிக் கிளிநொச்சி அம்மா ஒருவர் வந்திருந்தார். அச்சிட்டுக் கொடுத்தேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, என்ர பிள்ளை இவ்வளவு கறுப்பில்லை."

பிழை என்னுடையது. பளபளப்பான போட்டோக் கடதாசி முடிந்ததால் பளபளப்பில்லாததைப் போட்டிருந்தேன். கலர் புரொஃபைலை மாற்றவில்லை.

புரொஃபைல் என்பது ஒரு சிறிய கணினிக் கோப்பு. குறிப்பிட்ட பிரிண்டர், மை, கடதாசி மூன்றும் சேரும்போது எந்த நிறம் எப்படி விழும் என்பதை, நூற்றுக்கணக்கான நிறக்கட்டங்களை அச்சிட்டுக் கருவியால் அளந்து எழுதிய கணக்கு அது. மூன்றில் ஒன்று மாறினாலும் கணக்கு பிழைக்கும். 2022இல் ரூபா சரிந்தபின் நாங்களும் மலிவான மைக்கு மாறினோம். பழைய புரொஃபைல் அதற்குப் பொருந்தவேயில்லை. இன்னொன்று, மென்பொருளும் பிரிண்டரும் இரண்டுமே நிறத்தைத் திருத்தினால் முகம் செம்மைதட்டிப் போகும். ஒன்றில் அதை நிறுத்திவிட வேண்டும்.

சரியான புரொஃபைலோடு மறுபடி அச்சிட்டேன். அம்மா பழைய படத்தையும் புதியதையும் வாசல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். தலையாட்டினார்.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் இத்தகைய படங்கள்தான் வெயிலில் நிற்கின்றன. சாய மை வெயிலில் விரைவாக வெளிறும். நிறமி மை கூடுதல் காலம் தாங்கும். கடையில் கேட்டு வாங்குங்கள். மூலப்படத்தை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். ஸ்கேன் எடுத்த கையோடு திருப்பி வாங்கிவிடுங்கள்.