உருவமும் இல்லை, தூரமும் இல்லை

இலங்கையின் கிழக்குக் கரையில், கட்டைபறிச்சானிலிருந்து மூதூருக்குப் போகிறவர்கள் இறால் பாலத்தைத் தாண்ட வேண்டும். இந்தப் பக்கம் கோயில் மணி, அந்தப் பக்கம் பாங்கு; இரண்டு கரையும் பேசுவது தமிழ்தான். கோயிலில் கண் போய் நிற்க மூலவர் இருக்கிறார். பள்ளிவாசலில் மக்காவை நோக்கிய சுவரில் வளைந்த மிஹ்ராப் ஒன்று, அதற்குள் எதுவும் இல்லை. அது தொழுகையின் திசையைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அந்தச் சுவரையும் யாரும் வணங்குவதில்லை, கஃபாவையும் வணங்குவதில்லை.

ஓதப்பள்ளியில் பிள்ளைகள் முதலில் பாடமாக்கும் சூறாக்களில் ஒன்று 'குல்ஹுவல்லாஹு'. குர்ஆனின் 112ஆவது அத்தியாயம், நாலே வசனம். இறைவன் ஒருவன், யாரிடமும் தேவையற்றவன், பெற்றவனுமல்ல, பிறந்தவனுமல்ல, நிகரற்றவன் என்பது அதன் சாரம். குர்ஆனில் மூன்றில் ஒரு பங்குக்கு அது சமம் என்கிறது நபிமொழி. எதற்கும் ஒப்பாகாத இறைவனைப் பற்றிய இதே சூறாவைத்தான் தூங்கப்போகும் பிள்ளையின் மேல் உம்மா ஓதி ஊதுகிறார். எட்டாத இறைவனிடம் அப்படி யாரும் காவல் கேட்பார்களா? 50ஆவது அத்தியாயத்தின் 16ஆவது வசனமோ, மனிதனுக்கு அவனுடைய பிடரி நரம்பைவிட இறைவன் அருகில் இருப்பதாகச் சொல்கிறது.

இந்த நெருக்கத்தில்தான் தமிழ்ச் சூபிகள் மனம் பறிகொடுத்தார்கள். தக்கலை பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை இன்றும் அங்கே ஆண்டுதோறும் கூடிப் பாடுகிறார்கள். குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) இறைவனை மனோன்மணி என்ற காதலியாக்கியே பாடிவிட்டார். சைவப் புலவரான திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மேல் நான்மணிமாலை பாடினார்.

சைவருக்கு இனித்த இடமே உலமாக்களுக்கு நெருடியது. படைத்தவன் வேறு, படைப்பு வேறு என்பது தௌஹீதின், அதாவது ஓரிறைக் கொள்கையின், அடிக்கல். சூபிகள் சொல்வதுபோல் காண்பதெல்லாம் அவனே என்றால் சிலையும் அவன்தானே என்று அடுத்த கேள்வி வரும். கோயிலும் பள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் கிழக்குக் கரையில் அவர்கள் கூடுதல் கவனமாக இருப்பதில் வியப்பில்லை. காத்தான்குடியில் காண்பதெல்லாம் அவனே என்று போதித்த மௌலவி ஒருவரையும் அவரைப் பின்பற்றியவர்களையும் மார்க்கத்தை விட்டு வெளியேறியவர்கள் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா 1979இல் பத்வா கொடுத்தது. அறிவால் பேசித் தீர்க்க வேண்டிய வழக்கு என்றே நான் நினைக்கிறேன். அது அப்படி நிற்கவில்லை. 2006 டிசம்பரில் அதே ஊரில் வேறொரு சூபி குருவின் மையத்து (உடல்), அடக்கிய பிறகு தோண்டி எடுக்கப்பட்டது. மையத்தின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதற்குச் சமம் என்று நபிமொழி சொல்லும் மார்க்கத்தில் இது நடந்தது.